பழைய பைக்கின் வயதைப் படிப்பது எப்படி?

மாடு வாங்கப் போகிறவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பல் பார்த்தே தீர வேண்டும் என்பது சந்தை நியாயம். இன்று நம் கடைகளில் மாட்டு வண்டியின் இடத்தைப் பைக் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனால் பைக் வாங்கும்போது மட்டும் பல்லைப் பார்க்காமல், மேலே அடித்த புதுப் பெயிண்டைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறவர்கள் நம் உறுப்பினர்களிலும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

நம் வல்லம் வடகால் சிப்காட்டில் 2015இல் யமஹா தொழிற்சாலையும், 2017இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மூன்றாவது தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு இங்கே திறக்கப்பட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை ஷிப்டு நேரத்துக்குத் தக்கபடி கடைகள் நடக்கின்றன. விடுதிகளுக்கு மளிகை, டீக்கடைகளுக்குப் பால், மெஸ்களுக்குக் காய்கறி என எதை அனுப்புவதானாலும் கடைக்கு இரண்டு பைக்காவது வேண்டும். வேலை மாறி ஊர் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் வண்டிகளும் கைக்கு எளிதாகக் கிடைக்கின்றன. புதுப் பைக் பிறக்கும் ஊரிலேயே பழைய பைக் வியாபாரமும் நடக்கிறது. ஆகவே அதன் வயதைச் சரியாகக் கணிக்கும் வித்தை நமக்குக் கைவர வேண்டும்.

மூன்று தேதிகள்

ஒரு பழைய வண்டிக்கு மூன்று தேதிகள் உண்டு. முதலாவது, தொழிற்சாலையில் அது உருவான மாதமும் ஆண்டும். இரண்டாவது, போக்குவரத்து அலுவலகத்தில் அது பதிவான தேதி. மூன்றாவது, இப்போதைய உரிமையாளர் பெயருக்கு மாறிய தேதி.

சந்தையில் "இது எந்த மாடல்?" என்று கேட்கிறோமே, அது முதல் தேதியைப் பற்றிய கேள்வி. ஆனால் விற்பவர் பெரும்பாலும் இரண்டாவது தேதியைத்தான் பதிலாகச் சொல்வார். இரண்டு கை மாறிய வண்டி என்றால் சிலர் மூன்றாவது தேதியையே சொல்லி, "நான் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆச்சு" என்பார்கள். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலும் அல்ல.

சட்டம் பதிவுத் தேதியைக் கணக்கில் எடுக்கிறது. சொந்த உபயோகப் பைக்கின் பதிவு அந்தத் தேதியிலிருந்து 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ரப்பரும், பிளாஸ்டிக்கும், ஒயரும் பதிவுத் தேதியைப் பார்ப்பதில்லை. அவை உருவான நாள் முதலே மூப்படையத் தொடங்கிவிடுகின்றன. எனவே மூன்று தேதிகளையும் தனித்தனியே தெரிந்துகொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். சரக்கு இறக்கும்போது பில், மூட்டை, கணக்கு மூன்றையும் ஒத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

ஆர்.சி. சொல்வது

முதலில் ஆர்.சி. புத்தகம் அல்லது அட்டையைக் கேட்டு வாங்குங்கள். நகல் போதாது, அசலே வேண்டும். பதிவுத் தேதியும், வண்டி உருவான மாதம், ஆண்டும் அதில் தனித்தனியே இருக்கும். பலர் பதிவுத் தேதியோடு நிறுத்திக்கொள்வார்கள். உற்பத்தி மாதத்தைத் தேடிப் பார்ப்பதுதான் முக்கியம். சேஸ் எண், இஞ்சின் எண், எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உள்ளதா என்ற விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 'வாகன்' கணினிப் பதிவேட்டில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதியைச் சரிபார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம்பர் பிளேட்டைப் பார்த்து வயதைக் கணிப்பது நம் ஊரில் பழக்கம். காஞ்சிபுரத்துக்கு டி.என். 21, செங்கல்பட்டுக்கு டி.என். 19, ஸ்ரீபெரும்புதூருக்கு டி.என். 87 என்று அலுவலக எண்கள் உண்டு. அதன்பின் வரும் ஆங்கில எழுத்து வரிசை முன்னேற முன்னேற வண்டி புதியது என்பது பொதுவாகச் சரியே. ஆனால் வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அப்படி வாங்கிய வண்டிக்கு எண் புதிது, வண்டி பழையது. வடமாநிலத்துத் தொழிலாளர்கள் மிகுந்துள்ள நம் பகுதியில் இதை மறந்துவிடலாகாது. பிளேட்டை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ளக் கூடாது.

சேஸ் எண் என்னும் பல்

இனிப் பல்லைப் பார்ப்போம். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாரைத் திருப்பினால், முன்பக்கச் சட்டத்தின் கழுத்துப் பகுதியில் சேஸ் எண் அடித்திருக்கும். எண்ணெயும் தூசியும் படிந்திருந்தால் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படியுங்கள். இந்தக் காலத்து வண்டிகளில் அது எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17 இடங்கள் கொண்டது.

முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் காட்டும். ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ.3, யமஹாவுக்கு எம்.இ.1, ஹோண்டாவுக்கு எம்.இ.4, டி.வி.எஸ்.ஸுக்கு எம்.டி.6, பஜாஜுக்கு எம்.டி.2, ஹீரோவுக்கு எம்.பி.எல். அடுத்த ஆறு இடங்கள் வண்டியின் வகையைச் சொல்லும். கடைசி எட்டு இடங்கள் அந்த ஒரு வண்டிக்கே உரியவை. அந்த எட்டில் முதலாவது, அதாவது மொத்தத்தில் 10ஆவது இடம், பொதுவாக ஆண்டுக்குறி.

ஆண்டுக்குறிகள் வருமாறு: 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையான எண்கள். 2010 முதல் ஆங்கில எழுத்துகள்: ஏ 2010, பி 2011, சி 2012, டி 2013, இ 2014, எஃப் 2015, ஜி 2016, எச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024, எஸ் 2025, டி 2026.

இதில் 'பி' இரு முறை வருவதைக் கவனியுங்கள். ஆங்கில வரிசையில் இரண்டாவதாக வரும் பி 2011ஐயும், பதினாறாவதாக வரும் பி 2023ஐயும் குறிக்கும். அவ்வாறே நான்காவது எழுத்தான டி 2013. இருபதாவது எழுத்தான டி 2026. போனில் விவரம் கேட்கும்போது இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். நேரில் படித்தே முடிவு செய்யுங்கள். ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் சேஸ் எண்ணில் எங்குமே வருவதில்லை. ஆகவே 17 இடங்களுக்குள் 'ஓ' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவர் பூஜ்யத்தைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

மாதக்குறி எந்த இடத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை அந்தந்த நிறுவன டீலரின் சர்வீஸ் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய வண்டிகள் பலவற்றில் 17 இடங்கள் இருக்காது. குறுகிய எண்தான் இருக்கும். அவற்றுக்கு மேலே சொன்ன பட்டியல் பொருந்தாது. ஆர்.சி.யையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

எண்ணைப் படிக்கும்போதே அது அடித்திருக்கும் விதத்தையும் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ராவிய தடம், புதுப் பெயிண்ட், வெல்டிங் புடைப்பு தெரிந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வது நன்று. சேஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வண்டி எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்கு மலிவு அல்ல. காவல் நிலையம் வரை இழுத்துச் செல்லும் வில்லங்கம்.

சட்டம் இட்ட அடையாளங்கள்

ஆர்.சி.யும் சேஸ் எண்ணும் சொன்னதை வண்டியின் உடம்பும் ஒத்துச் சொல்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இதற்கு மத்திய அரசின் விதிகளே நமக்குக் காலக்கோடு போட்டுக் கொடுத்திருக்கின்றன.

முகப்பு விளக்கு: 1-4-2017 முதல் தயாரான பைக்குகளில் இஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும். அதை அணைக்கும் ஸ்விட்ச் இராது. கம்பெனி ஸ்விட்சே இருந்தால் வண்டி பெரும்பாலும் அதற்கு முந்தியது. பட்டறையில் தனியாக வைத்த ஸ்விட்ச் என்றால் கணக்கில்லை.

பிரேக்: 1-4-2019 முதல் விற்பனைக்கு வந்த எல்லாப் புது வண்டிகளிலும், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ்., அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. "2020 மாடல்" என்று சொல்லப்படும் 150 சி.சி. வண்டியில் ஏ.பி.எஸ். இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

புகை விதி: 1-4-2017 முதல் பி.எஸ். 4, 1-4-2020 முதல் பி.எஸ். 6. சிறிய வண்டிகளில் கார்புரேட்டர் போய்ப் பெட்ரோல் இன்ஜெக்ஷன் பரவலாக வந்தது பி.எஸ். 6 காலத்தில்தான். கார்புரேட்டர் உள்ள வண்டியை "2021 மாடல்" என்று ஒருவர் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

நம்பர் பிளேட்: 1-4-2019 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் தகடு கட்டாயம். ஆனால் பழைய வண்டிக்கும் இதைப் பொருத்திக்கொள்ள முடியும். தகடு இருப்பதால் மட்டும் வண்டி 2019க்குப் பிந்தியது என்று கொள்ளலாகாது.

நம் வியாபாரிகளின் நெடுநாள் துணையான டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் இன்னும் எளிய அடையாளம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது 2015இல். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். என்றால் அது முந்தைய தலைமுறை. புல்லட்டில், வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்தால் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் வகை என்று கொள்ளலாம். கியர் இடப்பக்கம் இருப்பதால் மட்டும் புதியது என்று சொல்லிவிட முடியாது; கியரை இடப்பக்கம் மாற்றிக்கொண்ட பழைய புல்லட்டுகளும் ஓடுகின்றன.

டயரும் பிளாஸ்டிக்கும்

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 2718 என்றால் 2018ஆம் ஆண்டின் 27ஆவது வாரத்தில் தயாரான டயர். வண்டியோடு வந்த டயர் என்றால் அதன் தேதி வண்டி உருவான தேதிக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியதாக இருக்கும். வண்டியைவிட டயர் இளையது என்றால் மாற்றியிருக்கிறார்கள்.

பக்க மூடிகளையோ, சீட்டையோ கழற்றினால் பிளாஸ்டிக்கின் உட்புறம் சிறு கடிகாரம் போன்ற வட்ட முத்திரை தெரியலாம். நடுவில் ஆண்டு, சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், மாதத்தைக் காட்டும் அம்புக்குறி. அந்தப் பாகம் அச்சில் வார்க்கப்பட்ட காலம் அது. இஞ்சின் வார்ப்புகளிலும் இத்தகைய குறிகள் உண்டு.

இங்கே ஒரு விதியை மனத்தில் இருத்துங்கள். ஒரு பாகம் தன் வயதை மட்டுமே சொல்லும். வண்டியின் வயதைச் சொல்லாது. பத்துப் பாகங்களில் எட்டு ஒரே காலத்தைக் காட்டி, இரண்டு மட்டும் பிந்திய காலத்தைக் காட்டினால், அந்த இரண்டும் மாற்றப்பட்டவை. ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். முன் மட்கார்டு, முகப்பு விளக்கு, ஹேண்டில்பார் மூன்றும் புதியவை என்றால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

இரண்டு விசேஷ ஆண்டுகள்

உற்பத்தித் தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் இடைவெளி மிகுந்திருக்கக்கூடிய இரண்டு காலங்களை நினைவில் வையுங்கள்.

29-3-2017 அன்று, பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய இரண்டே நாளில் டீலர்கள் பெரும் தள்ளுபடி கொடுத்து இருப்பைத் தீர்த்தார்கள். பல மாதம் கிடங்கில் இருந்த வண்டிகளும் அந்த அலையில் பதிவாயின. ஆகவே 2017 மார்ச் மாதக் கடைசியில் பதிவான வண்டி 2016இல் உருவானதாக இருக்கலாம்.

அடுத்தது 2020. பி.எஸ். 6 தொடங்க ஒரு வாரம் இருக்கையில், மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்துவிட்டது. விற்காமல் நிற்கும் வண்டிகளைக் காப்பாற்றிக்கொள்ளச் சில டீலர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு, பின்னர் பழைய வண்டியாக விற்றார்கள். அத்தகைய வண்டிக்கு ஆர்.சி.யில் இரண்டாவது உரிமையாளர் என்று இருந்தாலும் அதிகம் ஓடியிராது. இது வாங்குகிறவருக்கு லாபமாகவும் அமையலாம். விவரம் தெரிந்தவருக்கே அந்த லாபம்.

ஒரு கணக்குப் பாடம்

இதுவரை கண்டதை ஒரு கற்பனை வண்டியில் பொருத்திப் பார்ப்போம். 110 சி.சி. வண்டி. "2019 மாடல், சிங்கிள் ஓனர், 18,000 கிலோமீட்டர்" என்கிறார் விற்பவர்.

ஆர்.சி.யில் பதிவு 2019 மார்ச். உற்பத்தி 2018 ஆகஸ்டு. சேஸ் எண்ணின் 10ஆவது இடத்தில் ஜே, அதுவும் 2018. முகப்பு விளக்குக்கு ஸ்விட்ச் இல்லை, சரி. சி.பி.எஸ். இல்லை, 2019 ஏப்ரலுக்கு முந்தியது என்பதோடு ஒத்துப்போகிறது. முன் டயர் 2718, வண்டியோடு வந்தது. பின் டயர் 1422. அதாவது 2022இல் தயாராகிப் பின்னர் மாற்றியது.

முடிவு என்ன? வண்டி 2018 மாடல், 2019 அல்ல. ஏழு மாதம் விற்காமல் நின்றிருக்கிறது. இனி மீட்டர். பின் டயர் ஒரு முறை தேய்ந்து மாற்றியாகிவிட்டது. மாற்றிய டயரும் பாதி தேய்ந்திருந்தால் 18,000 கிலோமீட்டர் என்ற கணக்கு இடிக்கிறது. கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர், சாவித் துவாரம், சீட்டு ஆகியவற்றின் தேய்மானத்தையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மீட்டரை மாற்றலாம், கால் பட்டுத் தேய்ந்த இரும்பை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

வயதுக்கு ரூபாய் எவ்வளவு?

ஓர் ஆண்டு வித்தியாசத்தில் என்ன போய்விடும் என்று எண்ணலாம். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடக் கைக்கொள்ளும் தேய்மானப் பட்டியலைப் பாருங்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது.

புது விலை 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஆண்டில் ஓடும் வண்டியின் மதிப்பு 56,000. ஐந்தாவது ஆண்டில் ஓடும் வண்டியின் மதிப்பு 40,000. வயதில் இரண்டு ஆண்டு ஏமாந்தால் 16,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஒரு சிறு மளிகைக் கடைக்கு அது எத்தனை நாள் லாபம் என்பதை உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சந்தை விலை இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றாது என்பது உண்மைதான். ஆனால் பேரம் தொடங்க இது நல்ல அளவுகோல்.

இன்னொன்று: 22-9-2025 முதல் 350 சி.சி. வரையான புதுப் பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது விலை இறங்கினால் பழைய விலையும் இறங்க வேண்டும். விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையை வைத்துப் பேசுவார். நாம் இன்றைய ஷோரூம் விலையை வைத்துப் பேச வேண்டும்.

பணத்தைப் பார்த்தோம், உயிரையும் பார்க்க வேண்டும். பார்வைக்குப் பள்ளம் குறையாத டயரும் பல ஆண்டு வெயிலில் கிடந்தால் இறுகி வெடிப்பு விடும். பிரேக் குழாய் ரப்பரும் அப்படியே. லாரிகளும் கம்பெனி பஸ்களும் இடைவிடாது ஓடும் ஒரகடம் சாலையில் அந்த வண்டியை ஓட்டப்போகிறவர் நம் கடைப் பையன். அவனை நம்பி அனுப்பிய பெற்றோர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார்கள். வண்டியின் வயது தெரிந்தால், எந்தப் பாகத்தை உடனே மாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

வாங்கிய பிறகு

விலை முடிந்ததும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். உரிமை மாற்றத்தை, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கடன் பாக்கி குறிக்கப்பட்டிருந்தால் படிவம் 35உம், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாறாத வண்டியில் நம் சரக்குப் போவது, பிறர் பெயரில் உள்ள கிடங்கில் நம் மூட்டையை அடுக்குவதற்குச் சமம்.

சுருக்கமாகச் சொன்னால்: விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைப் படியுங்கள். சேஸ் எண்ணின் 10ஆவது இடத்தைப் பாருங்கள். விளக்கு, பிரேக், டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றை அதோடு ஒத்துப் பாருங்கள். அரைமணி நேர வேலை. ஒரு டார்ச், ஒரு துணி, ஒரு பேனா போதும். தராசின் முள்ளை நம் கண்ணால் பார்த்தே எடை ஒப்புக்கொள்கிறோம். பழைய பைக் வாங்கும்போதும் அதே கண் விழித்திருக்கட்டும்.